அஞ்சு மணி வரைக்கும் அவர்களை ஏன் யாரும் கூப்பிடவில்லை?

போன மாதம் ஒரு ராத்திரி கைபேசியில் இறையியல் வகுப்பு ஒன்றைக் கேட்டுக்கொண்டிருந்தேன். அமெரிக்காவிலுள்ள கத்தோலிக்கப் பல்கலைக்கழகம் ஒன்று இணையத்தில் இலவசமாகப் போட்டிருக்கும் உரை. மத்தேயு நற்செய்தி 20ஆம் அதிகாரம், திராட்சைத் தோட்ட வேலையாட்கள் உவமை. விடியற்காலையில் வந்தவருக்கும் மாலை ஐந்து மணிக்கு வந்தவருக்கும் தோட்டக்காரர் ஒரே கூலி கொடுக்கிறார். கடவுளின் அருள் நம் தகுதியை அளந்து வருவதில்லை என்று பேராசிரியர் நன்றாகவே விளக்கினார்.

என் சித்தி ராயப்பன்பட்டியில் பன்னீர்த் திராட்சைத் தோட்டங்களுக்குக் கூலி வேலைக்குப் போகிறவர். பந்தலுக்கடியில் அண்ணாந்து நின்றே அவர் கழுத்து தேய்ந்துவிட்டது. கேட்டதை அவரிடம் தமிழில் சொன்னேன். அருளைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை.

“அஞ்சு மணி வரைக்கும் அவுகள ஏன் யாருமே கூப்பிடல?” என்று மட்டும் கேட்டார். கொஞ்ச நேரம் கழித்து அவரே சொன்னார்: “ஆள் கூப்பிட வாரவுக எந்தத் தெருவுக்கு மொதல்ல போவாகன்னு எங்களுக்குத் தெரியாதா?”

பேராசிரியரின் உரையில் இந்தக் கேள்வி இல்லை. ஆனால் அந்த உரை இல்லாவிட்டால் சித்தியின் கேள்வியும் எனக்குக் கிடைத்திருக்காது. இந்த இரண்டையும் சேர்த்துத்தான் பேச வேண்டியிருக்கிறது.

“சாதி ஒழிப்பு பேசுகிறவனுக்கு இறையியல் எதற்கு?” என்று தோழர்கள் கேட்பார்கள். சாத்திரங்களைப் படித்தறிந்துதான் அம்பேத்கர் 1936இல் ‘சாதியை அழித்தொழித்தல்’ எழுதினார். நம் ஊர்த் திருச்சபைக்குள்ளும் சாதி சும்மா நுழையவில்லை, இறையியல் வாதத்தோடுதான் நுழைந்தது. 1606இல் மதுரைக்கு வந்த இராபர்ட் தெ நொபிலி, பூணூலும் குடுமியும் சமய அடையாளங்கள் அல்ல, வெறும் சமூக வழக்கம்தான் என்று வாதாடினார். 1623இல் திருத்தந்தை 15ஆம் கிரகோரி அவற்றை நிபந்தனைகளோடு அனுமதித்தார். “சாதி சமூக விஷயம், அதைக் கோயிலுக்குள் பேசாதீர்கள்” என்று இன்றைக்கும் பங்குகளில் சொல்கிறார்களே, அந்தப் பேச்சின் பழைய வேர் இதுதான். வடக்கன்குளம் கோயிலுக்குள் சாதி பிரித்த சுவர் 1910 வரை நின்றது. எறையூரில் தனிப் பங்கு கேட்ட தலித் கத்தோலிக்கர்கள் 2008 மார்ச்சில் தாக்கப்பட்டார்கள். போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் இரண்டு உயிர்கள் போயின.

இதற்கு எதிரான போதனையும் திருச்சபையிடம் இருக்கிறது. 2003 நவம்பரில் தமிழக ஆயர்களைச் சந்தித்த திருத்தந்தை இரண்டாம் ஜான் பால், கிறித்தவர்களுக்குள் சாதி பார்ப்பது மனித ஒருமைப்பாட்டுக்கே எதிரானது என்று கண்டித்தார். 2016 டிசம்பரில் இந்திய ஆயர் பேரவை வெளியிட்ட தலித் மேம்பாட்டுக் கொள்கை, தீண்டாமை திருச்சபைக்குள் இருப்பதை ஒப்புக்கொண்டது. எங்கள் பங்கில் எந்த ஞாயிறு மறையுரையிலும் இவற்றை நான் கேட்டதில்லை. இணையத்தில்தான் படித்தேன்.

அதனால்தான் இலவச வகுப்புகள் முக்கியம். இறையியல் பல நூற்றாண்டுகளாகக் குருமடத்துக்குள் பூட்டிக் கிடந்தது. பொதுநிலையினருக்குக் கிடைத்தது மனப்பாடம் செய்யும் மறைக்கல்விக் கேள்வி பதில். இன்று போஸ்டன் கல்லூரியின் இறையியல் உரைகளை யாரும் காசில்லாமல் கேட்கலாம். கறுப்பினப் பெண்களின் உடல்பட்ட அடிமை வரலாற்றிலிருந்து இறையியல் எழுதிய ஷான் கோப்லாண்ட் பாடம் நடத்திய கல்லூரி அது. நோட்ரே டாம் பல்கலைக்கழகமும் இணையவழியில் இறையியல் கற்பிக்கிறது. விடுதலை இறையியலின் முன்னோடி, பெரு நாட்டு குருவானவர் குஸ்தாவோ குத்தியெரஸ் 2001 முதல் அங்கே பேராசிரியராக இருந்தார். ஏழைகளின் பக்கம் நின்று வேதத்தை வாசிப்பது எப்படி என்று அவர்களிடம் கற்றுக்கொள்ளலாம். பங்குப் பேரவையில் “உனக்கு என்ன தெரியும்?” என்று வாயை அடைக்கும்போது பதில் சொல்லும் துணிச்சலும் அதில் வரும்.

ஆனால் இரண்டு கதவுகள் இன்னும் மூடியே இருக்கின்றன. முதலாவது மொழி. இந்த உரைகள் ஆங்கிலத்தில் இருக்கின்றன. பந்தலுக்கடியில் நிற்கிற யாருக்கும் அவை எட்டாது. இரண்டாவது, நான் கேட்டவற்றில் நிறவெறி வருகிறது, வறுமை வருகிறது, சாதி வரவில்லை. கப்பலேறிப் போகாத நம் துயரம் அவர்கள் பாடத்திட்டத்தில் தானாக ஏறாது. நாம்தான் ஏற்ற வேண்டும்.

சரக்கு நம்மிடமே இருக்கிறது. அரவிந்த் நிர்மல் 1981இல் பெங்களூரில் தொடங்கிவைத்த விவாதம் தலித் இறையியலாக வளர்ந்தது. இங்கிருந்து மூன்று மணி நேர பஸ் பயணத்தில் மதுரை அரசரடி இறையியல் கல்லூரி இருக்கிறது. சீர்திருத்தச் சபைகளின் கல்லூரி. பறையையும் நாட்டார் பாட்டையும் வழிபாட்டுக்குள் கொண்டுவந்த ‘பரட்டை’ தியோபிலஸ் அப்பாவு அங்குதான் கற்பித்தார். கத்தோலிக்க மடத்துக்குள் இருந்த சாதியை பாமா 1992இல் ‘கருக்கு’ நூலில் எழுதினார். இவையெல்லாம் ஏன் தமிழில், இலவசமாக, ஒரு கைபேசியில் கேட்கிற வகுப்பாக இல்லை? குருமடங்களும் மறைமாவட்டங்களும் பதில் சொல்லட்டும். அதுவரை நாம் காத்திருக்கவும் வேண்டாம். ஆங்கிலம் தெரிந்த ஒருவர் கேட்டுத் தமிழில் சொன்னால், பத்துப் பேர் உட்கார்ந்து பேசலாம். பேசியதைப் பதிவு செய்து இணையத்தில் ஏற்றலாம்.

கம்பம் பன்னீர்த் திராட்சைக்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்தது. பழத்துக்கு ஊர்ப்பெயர் கிடைத்துவிட்டது. அதை வெட்டுகிற பெண்கள் தங்கள் வேதத்தை எப்படி வாசிக்கிறார்கள் என்பதற்கு எங்கேயும் ஒரு பதிவு இல்லை.

வருகிற வாரம் எங்கள் தெரு அன்பியக் கூட்டத்தில் அதே உவமையை வாசிக்கப் போகிறோம். சித்தி பேசுவதாகச் சொல்லியிருக்கிறார். பதிவு செய்யவும் சம்மதித்துவிட்டார்.