ஏப்ரல் ஒன்றிலேயே திறக்கட்டும்!

தோழர்களே! வரி ஆலோசகர்களே, கணக்கர்களே, ஆடிட்டர் அலுவலகங்களில் இரவு பகலாக உழைக்கும் தம்பி தங்கைகளே!

ஏப்ரல் 1 முதல் ஜூலை 31 வரை நான்கு மாதம். தணிக்கை தேவைப்படாத பலருக்கு வருமானவரி ரிட்டர்ன் போட உள்ள வழக்கமான காலம் அது. அதில் நம் கைக்கு வந்து சேர்வது எவ்வளவு?

2025-ஐ எண்ணிப் பாருங்கள். ஐடிஆர்-1, ஐடிஆர்-4 படிவங்களை நிரப்பும் மென்பொருளான யூட்டிலிட்டியே மே மாதக் கடைசியில்தான் வந்தது. நிலமோ பங்கோ விற்றவருக்கான ஐடிஆர்-2 ஜூலை 11-ஆம் தேதி. நிறுவனங்களுக்கும் அறக்கட்டளைகளுக்கும் ஆகஸ்ட். படிவத்தில் பெரிய மாற்றம் என்று காரணம் சொன்னார்கள். மூலதன ஆதாய வரி மாறியது உண்மை. 2024 ஜூலை 23-க்கு முன் விற்றதையும் பின் விற்றதையும் தனித்தனியாகக் காட்ட வேண்டியிருந்தது. ஆனால் அந்த மாற்றத்தை அறிவித்தது 2024 ஜூலை பட்ஜெட்! யூட்டிலிட்டி தயாராக ஏறக்குறைய ஒரு வருடமா?

கெடுவைச் செப்டம்பர் 15-க்கு மத்திய நேரடி வரிகள் வாரியம் தள்ளிவைத்தது, மறுக்கவில்லை. அந்தக் கடைசி நாளில் போர்ட்டல் திணறியதும், நள்ளிரவை ஒட்டி ஒரே ஒரு நாள் நீட்டித்ததும் உங்களுக்குத் தெரியும். ஓடிபி வராமல், கட்சிக்காரருக்குப் பதில் சொல்ல முடியாமல் நாம் பட்ட பாடு எந்த அறிவிப்பிலும் இல்லை.

அவர்கள் தாமதித்தால் அறிவிப்பு. நாம் தாமதித்தால் தண்டம். ஐந்து லட்சத்துக்கு மேல் வருமானம் என்றால் 5,000 ரூபாய், அதற்குக் கீழே 1,000. கட்ட வேண்டிய வரிக்கு மாதம் ஒரு சதவீத வட்டி. வியாபார நட்டத்தை அடுத்த ஆண்டுக்குக் கொண்டுபோகும் உரிமையும், பழைய வரிமுறையைத் தேர்ந்தெடுக்கும் உரிமையும் போய்விடும். இது நியாயமில்லை.

டிடிஎஸ் கணக்குத் தாக்கலுக்கு மே 31 வரை அவகாசம், படிவம் 16-க்கு ஜூன் 15 வரை அவகாசம், ஏப்ரலில் திறந்து என்ன பயன் என்று கேட்பார்கள். சம்பளக்காரருக்கு அது சரி. வரிப் பிடித்தத்தையும் வருமானத்தையும் காட்டும் 26ஏஎஸ், ஏஐஎஸ் அறிக்கைகள் இரண்டும் நிறையும் முன் அவசரப்பட்டுப் போட்டால் நோட்டீஸ்தான் வரும். ஆனால் டிடிஎஸ் பிடித்தமே இல்லாத சிறு கடைக்காரரையும் வாடகை வருமானக்காரரையும் எதற்காகக் காக்க வைக்க வேண்டும்?

கேட்டால் கிடைக்கும், தோழர்களே. ராஜஸ்தானின் ஜவுளி ஊரான பில்வாராவின் வரி வழக்கறிஞர் சங்கம் உயர்நீதிமன்றம் போனது. 2025 செப்டம்பரில் தணிக்கை அறிக்கைக் கெடுவை அக்டோபர் 31 வரை நீட்டிக்க நீதிமன்றம் உத்தரவிட்டது. கர்நாடகத்திலும் அப்படியே. மறுநாளே வாரியம் நாடு முழுவதற்கும் கெடுவை நீட்டித்தது. ஒரு சிறு நகரத்துச் சங்கம் செய்ததை ஈரோடும் திண்டுக்கல்லும் நாகர்கோவிலும் செய்ய முடியாதா?

நம் கோரிக்கை இரண்டே. எல்லாப் படிவத்துக்கும் யூட்டிலிட்டி ஏப்ரல் 1 அன்று வெளிவர வேண்டும். வராவிட்டால், தாமதித்த அத்தனை நாளும் கெடுவோடு தானாகச் சேர வேண்டும். அதற்காக நள்ளிரவு வரை நாம் காத்துக் கிடக்கக் கூடாது.

போர்ட்டல் பிழை காட்டினால் திரையைத் தேதி, நேரத்தோடு படமெடுத்து வையுங்கள்; அங்கேயே புகாரும் பதியுங்கள். நாளை நீதிமன்றத்தில் பேசப்போவது அந்த ஆதாரம். நம் பக்கத்தில் ஓட்டை இருக்கக் கூடாது: பான்–ஆதார் இணைப்பு, வங்கிக் கணக்குச் சரிபார்ப்பு எல்லாவற்றையும் இப்போதே முடியுங்கள். ரிட்டர்ன் போட்ட முப்பது நாளுக்குள் மின் சரிபார்ப்பு செய்யத் தவறாதீர்கள்.

இந்த வாரமே உங்கள் ஊர்ச் சங்கத்தைக் கூட்டுங்கள். தீர்மானம் போட்டு வாரியத்துக்கும் உங்கள் தொகுதி எம்.பி.க்கும் அனுப்புங்கள். கெடு நெருங்கிய பிறகு எழுதும் மனுவை யாரும் படிக்கப் போவதில்லை, இன்றே எழுதுங்கள்!