சருகுமான் போன பிறகு

தீபாவளிக்கு முந்திய சனிக்கிழமைகளில் மஸ்ஜித் இந்தியாவுக்குக் காரில் போனவர்களுக்கு ஓர் உண்மை தெரியும். அங்கே சேலை எடுப்பது எளிது. காரை நிறுத்துவதுதான் கடினம். செமுவா ஹவுஸ் பக்கம் ஒரு சுற்று, ஜாலான் துவாங்கு அப்துல் ரஹ்மான் பக்கம் ஒரு சுற்று என்று பெரிய வண்டிகள் வலம் வந்துகொண்டிருக்கும்போது, யாரும் இடமென்றே மதிக்காத ஓர் இடுக்கில் அப்பா மட்டும் காரை நுழைத்துவிட்டு இறங்குவார். அது அவருடைய திறமை என்று சிறு வயதில் நினைத்திருந்தேன். பின்னர்தான் தெரிந்தது, பாதித் திறமை அவருடையது. மீதிப் பாதி கஞ்சிலுடையது.

என் அம்மா மஸ்ஜித் இந்தியாவில் ஒரு கடையின் மாடியில் ரவிக்கை தைக்கிறார். அப்பா துணிக்கட்டுகளை எடுத்து வருவதும், தைத்து முடித்தவற்றைப் பிரிக்பீல்ட்ஸ் கடைகளுக்கும் கிள்ளான் ஜாலான் தெங்கு கிளானா கடைகளுக்கும் கொண்டு சேர்ப்பதுமாக இருக்கிறார். 2003இல் வாங்கிய அந்த வெள்ளைக் கஞ்சிலின் பின்னிருக்கையில் துணிக்கட்டுகளுக்கு நடுவே உட்கார்ந்துதான் நானும் தம்பியும் தமிழ்ப்பள்ளிக்குப் போனோம். நான் பல்கலைக்கழகத்தில் சேர்ந்த நாளன்று என் பெட்டியும் தலையணையும் வாளியும் வந்து இறங்கியதும் அதிலிருந்துதான். இதைப் படிக்கும் மூத்த மாணவர்கள் பலருக்கும் இப்படி ஒரு கஞ்சில் கதை இருக்கும் என்று நம்புகிறேன்.

இப்போது அந்தக் காரை மாற்ற வேண்டிய நேரம் வந்துவிட்டது. அதற்கு ஈடாக எதை வாங்குவது என்று வீட்டில் மாதக்கணக்காகப் பேச்சு நடக்கிறது. இது எங்கள் வீட்டுக் கவலை மட்டுமன்று. பட்டம் பெற்று முதல் சம்பளம் வாங்கப்போகும் நம்மில் பலர் வீட்டில் நடக்கும் பேச்சும் இதுதான். அதனால்தான் இங்கே எழுதத் துணிந்தேன்.

முதலில் அந்தக் காரின் வரலாற்றைச் சுருக்கமாகப் பார்ப்போம். 1993இல் நாட்டின் இரண்டாவது கார் நிறுவனமாகத் தொடங்கப்பட்ட பெரோடுவா, 1994 ஆகஸ்டு மாதத்தில் தன் முதல் காரை வெளியிட்டது. ஜப்பானின் டைஹாட்சு மீரா காரை அடிப்படையாகக் கொண்ட அதற்குக் கஞ்சில் என்று பெயர் வைத்தார்கள். கஞ்சில் என்றால் சருகுமான். மலாய்ச் சிறுவர் கதைகளில் முதலைகளை வரிசையாக நிற்கவைத்து, அவற்றின் முதுகில் தாவித் தாவி ஆற்றைக் கடக்கும் புத்திசாலிச் சருகுமானை நாம் அனைவரும் ஆரம்பப் பள்ளியிலேயே படித்திருக்கிறோம். மூன்றரை மீட்டர் நீளம்கூட இல்லாத உடல், மூன்று சிலிண்டர், 660 சிசி என்ஜின். பிறகு 850 சிசியும் வந்தது. 2009இல் உற்பத்தி நிறுத்தப்படும்வரை ஏழு இலட்சத்திற்கும் அதிகமான கஞ்சில்கள் சாலைக்கு வந்தன. லோரிகளுக்கும் பேருந்துகளுக்கும் இடையே புகுந்து போகும் அந்தச் சின்ன வண்டிக்கு இதைவிடப் பொருத்தமான பெயர் கிடைத்திருக்காது.

கஞ்சில் அழகான காரா? இல்லை. வேகமான காரா? கெந்திங் மலை ஏறும்போது குளிர்சாதனத்தை அடைத்துவிட்டு ஏறியவர்களைக் கேளுங்கள். பிறகு ஏன் மக்கள் அதை இப்படி நேசித்தார்கள்? என் எண்ணத்தில் மூன்று காரணங்கள் உண்டு. ஒன்று, மோட்டார் சைக்கிளில் மழையில் நனைந்து போய்க்கொண்டிருந்த குடும்பத்தை முதன்முதலில் ஒரு கூரைக்குக் கீழே கொண்டுவந்தது அது. தோட்டத்தை விட்டு நகரத்துக்கு வந்த நம் குடும்பங்கள் பலவற்றுக்கு முதல் கார் கஞ்சில்தான். இரண்டு, அது கெட்டுப்போனால் எந்தத் தாமான் போமனும் திறந்து பார்த்துச் சரிசெய்துவிடுவார். பழைய உதிரிபாகம் எங்கும் கிடைத்தது. மூன்றாவதுதான் முக்கியம்: கஞ்சில் ஓட்டுவதில் வெட்கம் இருக்கவில்லை. ஆசிரியரும் ஓட்டினார், குமாஸ்தாவும் ஓட்டினார், மாணவரும் ஓட்டினார்.

இந்த மூன்றாவது காரணத்தின் அருமை இந்தியாவைப் பார்த்தால் புரியும். அங்கே டாட்டா நிறுவனம் 2008இல் ஒரு இலட்சம் ரூபாய் கார் என்று நானோவை அறிமுகப்படுத்தியது. ஸ்கூட்டரில் நால்வராகப் போகும் குடும்பத்துக்காகவே உருவான கார் அது. எண்ணம் உயர்ந்ததுதான். ஆனால் உலகிலேயே மலிவான கார் என்ற பட்டமே அதற்குப் பகையானது. ஏழையின் கார் என்று பெயர் விழுந்ததை வாங்க ஏழையும் விரும்பவில்லை. பத்து ஆண்டுகளில், 2018இல், உற்பத்தி நின்றது. அதே நாட்டில் 1983இல் வந்த மாருதி 800 முப்பது ஆண்டுகள் ஓடி 2014இல்தான் விடைபெற்றது. அது மலிவு என்று சொல்லிக்கொண்டு வரவில்லை; குடும்பக் கார் என்று வந்தது. நம் கஞ்சிலும் அந்த இனத்தைச் சேர்ந்தது.

சரி, கஞ்சிலுக்கு வாரிசு யார்? நிறுவனத்தின் கணக்கில் விடை எளிது. 2007இல் விவா வந்தது; அது 2014இல் ஓய்ந்தது. அதே ஆண்டு ஆக்ஸியா வந்தது. ஒவ்வொன்றும் முன்னதைவிடச் சற்று நீளம், சற்று வசதி, சற்றுப் பாதுகாப்பு. 2023இல் வந்த புதிய ஆக்ஸியாவை அப்பாவின் கஞ்சிலுக்குப் பக்கத்தில் நிறுத்தினால் அண்ணனும் தம்பியும் என்று சொல்ல மாட்டோம். தாத்தாவும் பேரனும் என்றுதான் சொல்வோம். அதே 2023இல் பழைய உடலமைப்பில், கையால் கியர் மாற்றும் ஆக்ஸியா ஈ 22,000 ரிங்கிட்டுக்கு வெளியிடப்பட்டது. இதையும் 2025 டிசம்பரில் அதே நிறுவனம் வெளியிட்ட மின்சாரக் காரையும் ஒப்பிட்டுப் பாருங்கள். அதன் விலை 80,000 ரிங்கிட். பேட்டரிக்குத் தனியாக மாத வாடகை. சருகுமானில் தொடங்கிய பயணம் எங்கே வந்து நிற்கிறது என்பதற்கு வேறு விளக்கம் வேண்டாம்.

இங்கே ஒன்றை நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும். பழைய காரின் மீதுள்ள பாசம் நம் கண்ணை மறைக்கக்கூடாது. சென்ற ஆண்டு மழைக்கால மாலை ஒன்றில், கூட்டரசு நெடுஞ்சாலையில் ஒரு லோரி சமிக்ஞை காட்டாமல் எங்கள் தடத்துக்குள் வந்தது. அப்பா பிரேக்கை அழுத்தினார். சக்கரங்கள் பூட்டிக்கொண்டன. கார் வழுக்கிக்கொண்டே போய்ச் சாலையோரத்தில் குறுக்காக நின்றது. யாருக்கும் ஒரு கீறல்கூட இல்லை. ஆனால் பின்னிருக்கையில் இருந்த அம்மா, கட்டிலிருந்து சரிந்து விழுந்த ரவிக்கைகளை ஒவ்வொன்றாக மடித்து மடியில் வைத்துக்கொண்டே வந்தார். வீடு வந்து சேரும்வரை ஒரு வார்த்தை பேசவில்லை. அதன் பிறகு ஒரு வாரம் கோமூட்டர் ரயிலில்தான் வேலைக்குப் போனார். பூட்டிக்கொள்ளாத பிரேக்கும் காற்றுப்பையும் ஆடம்பரம் என்று அதுவரை வாதாடிய அப்பா, அன்று முதல் வாதாடுவதை நிறுத்திக்கொண்டார். கஞ்சிலை நேசிக்கிறேன், ஆனால் அதில் இனியும் என் அம்மா நெடுஞ்சாலையில் போவதை நான் விரும்பவில்லை.

அப்படியென்றால் மாற்றிவிட வேண்டியதுதானே என்பீர்கள். சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது. பழைய கார்களைச் சாலையிலிருந்து எடுக்க அரசாங்கம் முன்பும் முயன்றது உண்டு. கஞ்சில் நின்ற அதே 2009இல், பத்து ஆண்டுகளைக் கடந்த காரைக் கழித்துவிட்டு உள்நாட்டுக் கார் வாங்கினால் 5,000 ரிங்கிட் கழிவு என்ற திட்டம் வந்தது. அதே ஆண்டு அக்டோபரில், 15 ஆண்டுகளைத் தாண்டிய வாகனங்களுக்குக் கட்டாயச் சோதனை என்ற அறிவிப்பும் வந்தது. மக்கள் எதிர்ப்பு கிளம்பியதும் அது மீட்டுக்கொள்ளப்பட்டது. 2026ஆம் ஆண்டுக்கான வரவு செலவுத் திட்டத்தில், 20 ஆண்டுகளைக் கடந்த வாகனத்தைக் கழிப்பவருக்கு 4,000 ரிங்கிட் வரை உதவி என்று அறிவித்தார்கள். நல்ல நோக்கம். ஆனால் அப்பாவைப் போன்றவர்களின் தடை அந்த 4,000 ரிங்கிட் அன்று. அவருக்குச் சம்பளச் சீட்டு இல்லை. அம்மாவுக்கும் இல்லை. இருபது ஆண்டுகள் தவறாமல் உழைத்திருக்கிறார்கள். ஆனால் கடன் கொடுப்பவர் கேட்கும் தாள் அவர்களிடம் இல்லை.

அந்தத் தாள் நம்மிடம் வரப்போகிறது, தோழர்களே. முதல் வேலை கிடைத்த மூன்றாவது மாதத்தில், வீட்டுக் காருக்கான கடன் நம் பெயரில் எழுதப்படும். அதில் தவறில்லை, பெற்றோருக்குச் செய்யும் கடமை அது. தவறு எங்கே நடக்கிறதென்றால், கடன் நம் பெயரில் வந்தவுடன் காரும் நம் ஆசைக்கேற்ப மாறிவிடுகிறது. அண்மையில் ஒரு விற்பனைக் கூடத்துக்கு அப்பாவுடன் போயிருந்தேன். மலிவான காரின் விவரத்தைக் கேட்டோம். அங்கிருந்தவர் என்னைப் பார்த்து, "தங்கச்சி டிகிரி முடிச்சிருக்கீங்க, இதெல்லாம் உங்களுக்குச் சரியா வராது" என்று சிரித்துக்கொண்டே வேறொரு காரைக் காட்டினார். அப்பாவின் முகத்தில் ஒரு பெருமிதம் வந்ததைப் பார்த்தேன். அந்தப் பெருமிதம்தான் ஆபத்தானது என்று தோன்றியது.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். பத்து விழுக்காடு முன்பணம், ஒன்பது ஆண்டுக் கடன், ஆண்டுக்கு 3.5 விழுக்காடு நிலை வட்டி என்று வைத்துக்கொள்வோம். 22,000 ரிங்கிட் காருக்கு மாதத் தவணை ஏறக்குறைய 241 ரிங்கிட். 70,000 ரிங்கிட் காருக்கு ஏறக்குறைய 767 ரிங்கிட். இடைவெளி மாதம் 526 ரிங்கிட். ஒன்பது ஆண்டுகளுக்கு 56,000 ரிங்கிட்டுக்கும் மேல். இதற்கு மேல் காப்புறுதி, டோல், டயர் எல்லாம் காரின் அளவுக்கேற்ப ஏறும். பிடிபிடிஎன் கடனும் நம்மைப் பார்த்துக்கொண்டே இருக்கும். இந்நாட்டில் இளையோர் திவாலாவதற்கு வாகனக் கடன் ஒரு முக்கியக் காரணமாக இருந்து வந்திருப்பதை நாம் மறந்துவிடலாகாது. வள்ளுவர் வலியறிதல் அதிகாரத்தில் மயிலிறகு ஏற்றிய வண்டியைப் பற்றிச் சொன்னதை நினைத்துக்கொள்ளுங்கள். மயிலிறகுதானே என்று அளவின்றி ஏற்றினால் அச்சு முறிந்துபோகும். மாதத் தவணையும் மயிலிறகு போலத்தான். ஒவ்வொன்றும் இலேசாகத்தான் தெரியும்.

ஆகவே என் கருத்து இது. கஞ்சிலுக்கு ஈடு தேடும்போது, அடுத்த பெரிய கார் எது என்று கேட்காதீர்கள். கஞ்சில் நம் வீட்டில் என்ன வேலை செய்தது என்று ஒரு தாளில் எழுதுங்கள். எங்கள் வீட்டுத் தாளில் உள்ளவை: துணிக்கட்டு ஏற்றுவது, மஸ்ஜித் இந்தியாவின் இடுக்கில் நிற்பது, தாமான் போமனால் பழுதுபார்க்க முடிவது. அதோடு கஞ்சில் செய்யாத ஒரு வேலையையும் சேர்த்தோம்: மழையில் அம்மாவைக் காப்பது. இந்த நான்கையும் செய்யும் காரே வாரிசு. பழைய கார் வாங்குவோர் இன்னும் ஒரு படி கவனமாக இருக்க வேண்டும். ஆக்ஸியா என்ற பெயர் இருந்தால் போதும் என்று எண்ணிவிடக்கூடாது. தொடக்க ஆண்டுகளின் அடிப்படை வகைகளில் பூட்டிக்கொள்ளாத பிரேக் கிடையாது. அப்படி ஒன்றை வாங்கினால், நாம் எதற்காகக் கஞ்சிலை விட்டோமோ அதுவே நமக்குக் கிடைக்காது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். வீட்டுக்கு ஒரு கார் நம் பெயரில் இருக்கும்போது, நமக்கென்று இரண்டாவது கார் முதல் ஆண்டிலேயே தேவையா? கோலாலம்பூரில் வேலை கிடைத்தவர்களுக்கு 50 ரிங்கிட் மாத அட்டை ஒன்று நகர ரயிலிலும் பேருந்திலும் 30 நாள் ஏற்றிச்செல்கிறது. மஸ்ஜித் ஜாமெக் நிலையத்தில் இறங்கினால் மஸ்ஜித் இந்தியா நடை தூரம்தான். ரயில் எட்டாத தாமான்களில் இருப்பவர்களிடம் இதைச் சொல்வது நியாயமில்லை என்பதும் எனக்குத் தெரியும். ரயில் எட்டும் இடத்தில் இருந்துகொண்டு, நண்பர்கள் என்ன நினைப்பார்களோ என்று கார் வாங்குபவர்களிடம்தான் சொல்கிறேன்.

எங்கள் வீட்டில் முடிவு இப்படி அமைந்திருக்கிறது. சிறிய புதிய கார். கையால் மாற்றும் கியர். கடன் என் பெயரில், ஆனால் ஒன்பது ஆண்டுகளுக்கு அல்ல, ஐந்து ஆண்டுகளுக்கு. முன்பணம் சேரும்வரை மாதம் 300 ரிங்கிட் ஒதுக்குகிறேன். அப்பா இதற்கு ஒப்புக்கொண்டாலும் ஒரே ஒரு நிபந்தனை வைத்தார்: "கஞ்சில வெட்டறதுக்குக் குடுக்காத மா. யாராச்சும் ஓட்டறவனுக்குக் குடு." அரசாங்க உதவித்தொகை வேண்டுமானால் காரைக் கழித்துத்தான் ஆக வேண்டும் என்று விளக்கினேன். அவர் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, எவ்வளவு தருவார்கள் என்று கேட்டார். சொன்னேன். அந்தப் பேச்சு இன்னும் முடியவில்லை.

அதுவரை மழை பெய்யும் நாள்களில் அம்மா கோமூட்டரில் வருகிறார். வெயில் நாள்களில் துணிக்கட்டுகளோடு அப்பாவின் கஞ்சில் மஸ்ஜித் இந்தியாவின் ஏதோ ஓர் இடுக்கில் நின்றுகொண்டிருக்கிறது.