பச்சோந்திக் குஞ்சு ஆணா, பெண்ணா?

தோட்டத்து மாட்டுப்பட்டியிற் கன்று பிறந்தால், அது காளையா கிடாரியா என்பதை அன்றே சொல்லிவிடுவர். பச்சோந்திக் குஞ்சைக் கண்டு அவ்வாறு கூற இயலுமோ? மேல்நாட்டுக் கடைகளிற் பச்சோந்தி விலைக்கு விற்கப்படுகிறது. அந்நாடுகளிற் குடியேறிய நம்மவரின் பிள்ளைகளும் அதனை வாங்கி வளர்க்கின்றனர். வாங்குமுன் அவர்கள் கேட்க வேண்டிய முதற் கேள்வி இதுவேயாகும்.

இது வெறும் ஆவலாற் கேட்கும் கேள்வியன்று. கடைகளிற் பெரிதும் காணப்படும் யெமன் நாட்டுப் பச்சோந்தியில், ஆணின் துணை இல்லாமலே பெண் முட்டையிடும். கோழி குஞ்சு பொரிக்காத முட்டையை இடுவது போன்றதே இதுவும். ஆனால் கோழி நாளுக்கு ஒன்றாக இடுவதை, இப்பிராணி 30, 40 என ஒரே முறையில் இடும். அதற்கு ஆழமான ஈரமணற் படுக்கை வேண்டும். உணவிற் சுண்ணாம்புச் சத்தும் வேண்டும். இவை கிட்டாவிடின் முட்டைகள் வயிற்றிலேயே தங்கித் தாய் மடிந்துவிடும். ஆணென்று எண்ணி வாங்கியவர் மணற் படுக்கை அமைப்பாரா? அறியாமையின் விலையை அவ்வாயில்லாப் பிராணியே செலுத்துகிறது.

யெமன் பச்சோந்தியில் அடையாளம் எளிது. ஆண் குஞ்சின் பின்னங்காற் பாதத்தின் பின்புறத்தே, சேவலின் கால்முள்ளைப் போன்ற ஒரு சிறு முனைப்பு முட்டையிலிருந்து வெளிவரும்போதே காணப்படும். பெண்ணுக்கு அது இல்லை. மடகாஸ்கர் தீவின் வண்ணப் பச்சோந்திக்கோ இந்த முள் கிடையாது. அதன் குஞ்சுகள் அனைத்தும் ஒரே மங்கல் நிறத்தன. சில மாதங்கள் சென்ற பின்னரே ஆணின் வாலடி பருக்கும்; நீலமும் பச்சையும் சிவப்புமாக நிறங்கள் மலரும். ஆதலின் ஒரு மாதக் குஞ்சைக் காட்டி, “இது ஆண்தான்” என்று அடித்துக் கூறும் வியாபாரி ஊகத்தையே விற்கிறான். வாலடியைப் பிதுக்கிப் பார்ப்பது குஞ்சுக்குத் தீங்கு. பொறுத்திருந்து, வளர்ந்ததை வாங்குவதே அறிவுடைமை.

இனி நம் நாட்டுக்கு வருவோம். இலங்கையிற் பச்சோந்தி வாழ்வது வறண்ட பிரதேசத்திலேயாகும். ஹட்டன் போன்ற குளிர்ந்த மலையூர்களில் அது இல்லை. தேயிலைச் செடியில் நிறம் மாறுவதைக் கண்டு நம் சிறுவர் பச்சோந்தி என்பது ஓணானையே. எனினும் நம் மலைகளுக்கே உரிய அற்புதங்கள் இரண்டு உண்டு. ஒன்று, மூக்கின் நுனியிற் கூரிய கொம்புடைய ஓணான். நுவரெலியா, ஹக்கலை, ஹோட்டன் சமவெளி ஆகிய இடங்களில் அதனைக் காணலாம். வளர்ந்த ஆணின் கொம்பு நீண்டது. பெண்ணுக்கு அது சிறியது, அல்லது இல்லாமலும் இருக்கும். குஞ்சில் இவ்வேறுபாடு தெளிவாகத் தெரியாது. மற்றொன்று, வாலாற் கிளையைச் சுற்றிப் பிடித்து மெல்ல ஊரும் குள்ள ஓணான். அது முட்டையிடாமற் குட்டி ஈனும். உலகில் வேறெந்த நாட்டுக் காட்டிலும் இவை இல்லை.

இவ்வருமையே இவற்றுக்குப் பகையாயிற்று. அயல்நாட்டுச் சேகரிப்பாளர் பொருளை வாரி வழங்க, கள்ளத்தனமாக இவற்றைக் கடத்துவோர் தோன்றினர். இனம் பெருக்கச் சோடி வேண்டுமாதலால், ஆண் பெண் அறியும் அறிவு அவர்களுக்கும் பயன்பட்டது. 1937ஆம் ஆண்டின் தாவர விலங்கினப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் நம் நாட்டில் உண்டு. எனினும் கடல் கடந்த சந்தையை அது எட்டாது. அருகிவரும் உயிரினங்களின் வாணிகம் பற்றிய உலக மாநாடு 2019இற் கொழும்பிற் கூடுவதாக இருந்தது. உயிர்த்த ஞாயிறுக் குண்டுவெடிப்புகளின் பின்னர் அது ஜெனீவாவுக்கு மாற்றப்பட்டது. அங்கு இலங்கையின் வேண்டுகோளை ஏற்று, இவ்விரு வகை ஓணான்களையும் காட்டிற் பிடித்து வாணிகத்துக்காக ஏற்றுமதி செய்வதை உலக நாடுகள் தடுத்தன.

ஆகவே, அயல்நாட்டில் வளர்க்க விரும்புவோர், பண்ணையிற் பிறந்ததற்குச் சான்று உண்டா என்பதையும் சேர்த்துக் கேட்பாராக. நம் மாணவர்க்கோ விலை கொடுக்க வேண்டிய தேவையே இல்லை. ஹக்கலைக்குச் சுற்றுலா செல்லும்போது பாசி படர்ந்த கிளைகளைச் சற்றுப் பொறுமையுடன் நோக்குங்கள். கொம்பன் தென்பட்டால், கொம்பின் நீளத்தை அளவிடக் கண்களே போதும். தொடாமற் பார்த்துக் குறிப்பேட்டில் எழுதி வாருங்கள்.