வரி நம்முடையது, வழி யாருடையது?

கீழ்வானம் வெளுக்கும் முன்னரே போடிநாயக்கனூர் விழித்துக்கொள்கிறது. கையிலே தூக்குச்சட்டி, கண்ணிலே கலையாத உறக்கம். ஏலத் தோட்டத்துக்குச் செல்லும் மகளிர் ஜீப்பிலே நெருக்கியடித்து ஏறுகின்றனர். போடிமெட்டுக்குப் போகும் பாதையில் 17 கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொரு வளைவிலும் ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் பள்ளம். உயிரைக் கையிலே பிடித்துக்கொண்டு போகிறவர்கள், அந்தி சாய்ந்தபின் அதே வளைவுகளைக் கடந்து திரும்புகிறார்கள்.

அவர்கள் பறித்த ஏலக்காய், நறுமணப் பொருள் வாரியத்தின் போடி ஏலக்கூடத்திலே விலை பேசப்படுகிறது. வடபுலத்துச் சந்தைகளுக்குப் பயணமாகிறது. காய்க்கு விலை உண்டு. பறித்த கைக்குப் பாதுகாப்பான பயணம் உண்டா?

இந்தக் கேள்வி புதியதன்று. சென்ற நூற்றாண்டின் தொடக்கத்தில், டாப் ஸ்டேஷன் உச்சியிலிருந்து கீழே கொட்டகுடி வரை கம்பிவடம் கட்டித் தேயிலைப் பெட்டிகளை இறக்கினர் வெள்ளைத் தோட்ட முதலாளிகள். தேயிலைக்கு வான்வழி கிடைத்தது! அந்தச் சரிவிலே வாழ்ந்த மனிதனுக்கோ கால்வழிதான். நோயாளியைப் போர்வையிலே கட்டி டோலியாகச் சுமந்து இறக்கும் செய்தியைத் தேனி மலைகளிலிருந்து நாம் எத்தனை முறை படித்திருக்கிறோம்!

இருப்புப்பாதையின் கதையைப் பாருங்கள். மதுரை–போடி இரயில் 1928-இல் வந்தது. இரண்டாம் உலகப் போர் தண்டவாளத்தைப் பெயர்த்துக்கொண்டு போயிற்று. மக்கள் காத்திருந்து திரும்பப் பெற்றனர். அகலப்பாதை ஆக்குகிறோம் என்று 2010 முடிவில் மீண்டும் நிறுத்தினர். போடிக்கு இரயில் திரும்பிய நாள் 2023 ஜூன் 15! 90 கிலோமீட்டர்ப் பாதைக்குப் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு மேல் தவம். இடையிலே எந்தக் கட்டத்திலாவது போடி மக்களைக் கேட்டார்களா? கேட்கவில்லை. கொடுப்பவன் டில்லியில், காத்திருப்பவன் போடியில்.

ஊர் தன் வழியைத் தானே போட்டுக்கொள்ள முடியாதா என்று கேட்போர் தஞ்சையைப் பார்க்கட்டும். அங்கே மாவட்டப் போர்டு, நிலத்தின் மீது ரூபாய்க்கு மூன்று பை வீதம் இரயிலுக்கென்றே மேல்வரி தண்டிற்று. ஒரு ரூபாய்க்கு 192 பை இருந்த காலம் அது! அப்படிச் சேர்ந்த பணத்தைக் கொண்டு மாயவரத்திலிருந்து முத்துப்பேட்டைக்கு இரயில் 1894-இல் ஓடிற்று. அன்று எல்லார் கையிலும் வாக்குச்சீட்டு இல்லை. ஆயினும் வரி எங்கே போயிற்று என்பதைத் தண்டவாளத்தைத் தொட்டுக் காட்டிச் சொல்ல முடிந்தது.

வாக்குச்சீட்டும் வரியும் கைகோக்கும் காட்சியைக் காணக் கடல் கடக்க வேண்டும். அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சல்ஸ் மாவட்டத்தில், விற்பனை வரியை நூற்றுக்கு அரை கூட்டி இரயிலும் பேருந்தும் சாலையும் சீராக்கலாமா என்று 2008-இல் வாக்காளரையே கேட்டனர். மூன்றில் இரண்டு பங்கினர் இசைய வேண்டும் என்பது அங்கே சட்டம், இசைந்தனர். அந்த வரியை நீட்டிக்கலாமா என்று 2012-இல் மறுபடி கேட்டபோது நூற்றுக்கு 66 பேர் ஆம் என்றனர், மயிரிழையில் தோற்றது! ஆட்சியாளர் பணிந்தனர். 2016-இல் மேலும் ஒரு திட்டத்தோடு வந்து வென்றனர். வரி கேட்கும் கை, வாக்கும் கேட்டது. அதுவன்றோ மக்களாட்சி!

இங்கே நிலைமை என்ன? விற்பனை வரிக்குப் பழைய வீடு நம் சென்னை மாகாணம். 1939-இலேயே பொது விற்பனை வரிச் சட்டம் கண்டது. அந்த உரிமையின் பெரும்பகுதி 2017 ஜூலை 1 அன்று சரக்கு சேவை வரியிலே கரைந்தது. ஏலக்காய்க்கு நூற்றுக்கு 5. அதில் மாநிலப் பங்கு, விளைந்த மண்ணுக்கன்று, நுகரும் மாநிலத்துக்கு! ஜீப்பிலே ஊற்றும் டீசலுக்குச் சாலை மேல்வரி வேறு. மேல்வரிகள் மாநிலங்களோடு பகிரும் தொகுப்பிலே சேர்வதில்லை. ஒன்றிய அரசு வகுத்த வழியிலேதான் செல்லும். தட்டிலே இட்டவன் போடிக்காரன். பரிமாறுகிறவன் எங்கோ இருக்கிறான்.

"அப்படியானால் போடியிலும் ஒரு புது வரியா?" என்று தோழர் ஒருவர் துணுக்குறலாம். துணுக்குறுவது நியாயமே. விற்பனை வரி என்பது குடிசைக்கும் கோபுரத்துக்கும் ஒரே விகிதம். கூலிக்காரியின் கஞ்சியிலே அது விழுந்தால் கல்லாகக் கனக்கும். ஆகவே நாம் கேட்பது புதுச்சுமை அன்று. முதலில், கட்டிய வரியிலிருந்து விளைந்த மண்ணின் வழிக்கென்று ஒரு பங்கு. அதுவும் போதாமல் ஊர் ஒரு மேல்வரி கேட்க நேர்ந்தால், அரிசியிலும் உப்பிலும் கை வைக்காதே; வசதியுள்ளவரின் வணிகத்திலே வை. எந்தப் பாதை, எவ்வளவு செலவு, எத்தனை ஆண்டு என்று எழுதிக் காட்டு, வாக்குக் கேள், பணி முடிந்தபின் வரியையும் முடித்துவிடு.

கேட்பதற்கு இடம் இல்லையா? தமிழ்நாட்டில் ஆண்டுக்கு ஆறு முறை கிராம சபை கூடுகிறது. வரியை மாற்றும் அதிகாரம் அதற்கு இல்லை. வாய் திறக்கும் உரிமை உண்டு. தோழர்களே! குரங்கணியின் தேநீர்க் கடையிலும், கொட்டகுடியின் திண்ணையிலும், விடியற்காலை ஜீப்புக்குக் காத்து நிற்கும் மகளிரிடமும் இக்கணக்கைச் சொல்லுங்கள். அடுத்த கிராம சபையிலே அப்பெண்கள் முதல் வரிசையில் அமரட்டும். எங்கள் ஊர்ச் சாலைக்கு என்ன செலவிட்டீர் என்று கேட்கும் தீர்மானத்தை அவர்களே முன்மொழியட்டும்.

மலையேறிப் போனவள் மாலையில் வீடு திரும்ப வேண்டும். அதற்காகத்தான் வரி, அதற்காகத்தான் அரசு. வரி நம்முடையது, வழியும் நம்முடையதாகும் வரை கேட்டுக்கொண்டே இருப்போம்!