டெயில் லைட் உங்களுக்கு இல்லை, பின்னால் வருபவனுக்கு!

மேடவாக்கம் - சோழிங்கநல்லூர் ரோட்டில், பெரும்பாக்கம் பக்கம், ராத்திரி ஒன்பது மணிக்கு மேல் ஒரு பத்து நிமிஷம் நின்று பாருங்கள். பைக்குகளின் பின்புறம் எல்லாம் தீபாவளிதான். ஒன்றில் நீல விளக்கு. ஒன்றில் பிரேக் பிடித்தால் பளிச் பளிச்சென்று மின்னுகிறது. இன்னொன்றில் விளக்கு மேல் கறுப்பு ஃபிலிம், எரிகிறதா இல்லையா என்று சாமிக்குத்தான் தெரியும். நாலாவது வண்டியில் பல்பு ஃபியூஸ் போய் ஆறு மாசம் இருக்கும். அவர் மட்டும் மற்ற மூணு பேரையும் பார்த்து "இந்தக் காலத்துப் பசங்க..." என்று தலையில் அடித்துக்கொண்டு போகிறார் :-)

விஷயம் ரொம்ப சிம்பிள். வண்டி ஓட்டும்போது ஓட்டுகிறவர் கண்ணில் படவே படாத விளக்கு டெயில் லைட். காசு ஒருத்தருடையது, உயிர் இன்னொருத்தருடையது. பொருளாதாரப் பாடத்தில் இதற்குப் புறவிளைவு என்று பெயர் வைத்து, ரெண்டு மார்க் கேள்வியாகக் கேட்டு முடித்துவிடுவார்கள். ரோட்டில் அது ரெண்டு மார்க்கோடு முடிவதில்லை.

இதைச் சொன்னதும் "அப்போ எல்.இ.டி.யே வேண்டாமா?" என்று சண்டைக்கு வருவார்கள். தாராளமாக வேண்டும்! சாதாரண பல்பில் இழை சூடாகி முழு வெளிச்சம் வர சுமார் 0.2 நொடி ஆகும். எல்.இ.டி. உடனே எரியும். மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் 0.2 நொடி என்றால் 3.3 மீட்டர், கிட்டத்தட்ட ரெண்டு ஸ்கூட்டர் நீளம். பின்னால் வருகிறவருக்கு அவ்வளவு இடம் இலவசமாகக் கிடைக்கிறது. தப்பு எல்.இ.டி.யில் இல்லை, அதை என்னவாகச் செய்கிறோம் என்பதில்தான்.

பழைய 21/5 வாட் பல்பையே எடுத்துக்கொள்ளுங்கள். அதில் ரெண்டு இழை. டெயிலுக்கு 35 லூமென், பிரேக்குக்கு 440 லூமென். பன்னிரண்டு மடங்குக்கு மேல் வித்தியாசம். அந்த வித்தியாசம்தான் "நான் நிற்கப்போகிறேன்" என்ற செய்தி. கைவேலைப் பசங்க பலர் கோட்டை விடுவது இங்கேதான். டெயிலையே கண் கூசுகிற மாதிரி எரியவிட்டால், பிரேக் பிடித்தாலும் பிடிக்காவிட்டாலும் ஒன்றுதான்.

சரியாகச் செய்வது ஒன்றும் ராக்கெட் விஞ்ஞானம் இல்லை. ரிச்சி ஸ்ட்ரீட்டில் சில்லறைக் காசுக்கு சாமான் கிடைக்கும். சிவப்பு எல்.இ.டி. ஒன்றுக்குச் சுமார் 2 வோல்ட். நாலை வரிசையாகக் கோர்த்தால் 8 வோல்ட். வண்டி ஓடும்போது பேட்டரியில் 14.4 வோல்ட் வரை வரும் (12 என்று கணக்குப் போட்டுத்தான் நிறைய பேர் எல்.இ.டி.யைக் கருக்குகிறார்கள்). மீதி 6.4 வோல்ட். பிரேக் ஒயரில் 330 ஓம் போட்டால் 19 மில்லி ஆம்பியர், டெயில் ஒயரில் 2.2 கிலோ ஓம் போட்டால் 3 மில்லி ஆம்பியர். ஒன்றின் மின்சாரம் இன்னொன்றில் ஏறாமல் இருக்க ஆளுக்கொரு டயோடு. ஆறு மடங்கு வித்தியாசம் வந்துவிட்டது. நம்பர் பிளேட்டுக்கு ஒரு வெள்ளை விளக்கையும் மறக்காதீர்கள், 15 மீட்டரிலிருந்து நம்பர் படிக்கத் தெரிய வேண்டும் என்பது விதி.

"மின்னினால்தானே கவனிப்பாங்க?" என்பது அடுத்த வாதம். புதுசு எல்லாம் கொஞ்ச நாள்தான் சார். அமெரிக்காவில் 1986 மாடல் கார்களிலிருந்து மூணாவது பிரேக் விளக்கு கட்டாயமானது. முதல் சில வருஷம் பின்னால் மோதும் விபத்து நன்றாகக் குறைந்தது. கண்ணுக்குப் பழகியதும் அந்தப் பலன் பாதியாகி, சுமார் 4 சதவீதத்தில் நின்றது. ஒழுங்கான விளக்குக்கே இந்தக் கதி. அப்புறம், மந்திரிகள் காரிலிருந்தே சுழல் விளக்கு 2017 மே 1 அன்று போய்விட்டது. பல்சருக்கு மட்டும் எதற்கு?

இனி சட்டத்துக்கு வருவோம். கம்பெனி கொடுத்த அமைப்பை மாற்றக்கூடாது என்று 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் சொன்னது. அதே வருஷம் வந்த மோட்டார் வாகனச் சட்டத் திருத்தத்தில், அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாசம் வரை சிறை, அல்லது ரெண்டும். நீல விளக்கு போட்டவனும், ராத்திரி பூரா உட்கார்ந்து ஒழுங்கான சிவப்பு விளக்கு செய்தவனும் இந்த வலைக்குள் ஒன்றுதான். இது சோம்பேறித்தனம். கூவம் கரையிலிருந்து பெரும்பாக்கம் குடியிருப்புக்குக் கொண்டுவந்து விடப்பட்டவர்கள், வேலைக்காக இன்னமும் ராத்திரியில் நகரத்திலிருந்து டூவீலரில் திரும்பி வருகிறார்கள். கம்பெனி டெயில் அசெம்ப்ளி உடைந்தால் புதுசு வாங்கக் காசு இல்லாதவர், கையால் செய்துதான் மாட்டுவார். அவர் விளக்கை அளந்து பார்த்து "சரி", "தப்பு" என்று சொல்ல ஆர்.டி.ஓ. ஆபீஸில் ஒரு மீட்டரும் ஒரு ஆளும் போதும். அதைச் செய்யாமல் அபராதம் மட்டும் போட்டால், வேலை இருட்டிலேயே நடக்கும்.

அதுவரை பரீட்சையை நீங்களே வையுங்கள். ராத்திரி வண்டியை நிறுத்தி, ஐம்பது அடி தள்ளி உங்கள் அம்மாவை நிற்கச் சொல்லுங்கள். சொல்லாமல் பிரேக்கை அழுத்துங்கள். "இப்போ பிடிச்சே" என்று அவர் உடனே சொன்னால் பாஸ். "என்னடா கலர் கலரா எரியுது?" என்று கேட்டால் கழற்றி வையுங்கள்.