சுவர் யாருடையது?

போன மாதம் ஒரு மாணவர் கூட்டம். பேசி முடித்து டீ குடித்துக்கொண்டிருந்தபோது ஒரு தம்பி செல்போனை நீட்டினான். "அண்ணே, இதப் பாருங்க. ஒரு கருப்பர் வரைஞ்ச படம் 21 மில்லியன் டாலருக்குப் போயிருக்கு. நம்மாளு ஜெயிச்சிட்டான்ணே."

பக்கத்திலிருந்த மூத்த தோழர், இருபது வருசமாக இயக்க வேலை பார்ப்பவர், முகத்தைத் திருப்பிக்கொண்டார். "படமாம் படம். சேரியில குடிக்கத் தண்ணி இல்ல. பணக்காரன் வீட்டுச் சுவத்துல தொங்குறதப் பத்தி நமக்கென்னப்பா பேச்சு?"

இரண்டு பேர் சொன்னதும் தப்பு. அதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

அந்த ஓவியர் கெர்ரி ஜேம்ஸ் மார்ஷல். 1955இல் அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில், பர்மிங்ஹாம் நகரில் பிறந்தவர். இன ஒதுக்கல் சட்டமாகவே இருந்த ஊர். 1963 செப்டம்பரில் அங்கே வெள்ளை வெறியர்கள் ஒரு தேவாலயத்தில் குண்டு வைத்து நான்கு கருப்பினச் சிறுமிகளைக் கொன்றார்கள். அதே வருசம் மார்ஷலின் குடும்பம் லாஸ் ஏஞ்சல்ஸின் வாட்ஸ் பகுதிக்குக் குடிபெயர்ந்தது. 1965இல் அந்த வாட்ஸ் பற்றி எரிந்தது. 1966இல் கருஞ்சிறுத்தைகள் கட்சி தோன்றியது. லாஸ் ஏஞ்சல்ஸில் அவர்களுடைய அலுவலகம் இருந்த வட்டாரத்தில்தான் இந்தப் பையன் வளர்ந்தான். 1972இல் பம்பாயில் நம் தோழர்கள் தங்களுக்குச் சிறுத்தைகள் என்று பேர் வைத்துக்கொண்டது அவர்களைப் பார்த்துத்தான். ஆகவே மார்ஷலைப் பற்றிப் பேச நமக்கு உரிமை இருக்கிறது. யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை.

அய்ரோப்பிய ஓவிய வரலாற்றைத் திறந்து பாருங்கள். அரசன் இருப்பான், கன்னிமேரி இருப்பாள், நிர்வாணமாகப் படுத்திருக்கும் வெள்ளைப் பெண் இருப்பாள். கருப்பர் எங்கே? ஓரத்தில் தட்டேந்தி நிற்பார். பெரும்பாலும் அதுகூட இருக்காது. மார்ஷல் ஓட்டிஸ் கலைப் பள்ளியில் சார்லஸ் ஒயிட் என்ற கருப்பின ஆசிரியரிடம் கற்று 1978இல் பட்டம் வாங்கினார். 1980இல் ஒரு சின்னப் படம் வரைந்தார். நோட்டுப் புத்தக அளவு கூட இருக்காது. முட்டைக் கருவில் குழைத்த வண்ணம். கருப்புப் பின்னணியில் ஒரு கருப்பு மனிதன். வெள்ளையாகத் தெரிவது கண்ணும், நடுவில் ஒரு ஓட்டை விழுந்த பல்வரிசையும், சட்டையும்தான். ஆள் இருக்கிறான், ஆனால் உன் கண்ணுக்குத் தெரியமாட்டான் என்கிற படம். ரால்ஃப் எல்லிசன் 1952இல் எழுதிய 'இன்விசிபிள் மேன்' நாவலைப் படித்த சூட்டில் வரைந்தது.

அன்றையிலிருந்து அவர் ஒரு தீர்மானத்தை விடவில்லை. தன் மனிதர்களின் கருப்பில் வெள்ளை கலப்பதில்லை. 'கொஞ்சம் மாநிறமாகப் போடலாமே' என்ற சமரசம் கிடையாது. மூன்று வகைக் கருப்பு வண்ணங்களை எடுத்து, அவற்றில் நீலமும் பச்சையும் ஊதாவும் சேர்த்து, கருப்புக்குள்ளேயே பல கருப்புகளை எழுப்பினார். கருப்பு என்றால் ஒளி இல்லாத இடம் என்று பாடம் நடத்திய ஓவியப் பள்ளிகளின் வாயை அடைத்தார்.

இந்த இடத்தில் என் கதை ஒன்று. ஏழாம் வகுப்பில் 'என் குடும்பம்' என்று படம் வரையச் சொன்னார்கள். நாற்று நடும் என் அம்மாவை வரைந்தேன். அம்மா நல்ல கருப்பு. கருப்பு மெழுகு வண்ணத்தை அழுத்தித் தேய்த்தேன். டிராயிங் வாத்தியார் பார்த்துவிட்டுச் சிரித்தார். "ஏண்டா, பேயா இது? தோல் கலர்னு ஒரு குச்சி இருக்கே, அத எடுத்துப் போடு." அந்தக் குச்சி ரோஸ் நிறம். எங்கள் தெருவில் அந்த நிறத்தில் ஒருத்தர்கூடக் கிடையாது. ஆனாலும் போட்டேன். நல்ல மார்க் கிடைத்தது. அம்மா படத்திலிருந்து போய்விட்டாள்.

சாதியும் நிறமும் ஒன்றல்ல, தெரியும். சேரியில் சிவப்பானவனும் உண்டு, அக்ரகாரத்தில் கருப்பானவனும் உண்டு. ஆனால் எது அழகு, எது படத்தில் வரலாம் என்று தீர்மானிக்கிற அதிகாரம் யார் கையில் இருக்கிறது? அந்தக் கேள்வி அங்கேயும் இங்கேயும் ஒன்றுதான்.

மார்ஷல் அழுகிற கருப்பரை மட்டும் வரையவில்லை. 1993இல் ஒரு முடிவெட்டும் கடையை, அரசவைக் காட்சியை வரைவதுபோல் ஆளுயரத்துக்கு மேல் வரைந்தார். அடுத்த இரண்டு வருசத்தில் அரசு கட்டிய ஏழைக் குடியிருப்புகளை வரிசையாக வரைந்தார். அந்தக் குடியிருப்புகளுக்கெல்லாம் 'தோட்டம்' என்று பேர். நிக்கர்சன் தோட்டத்தில் அவரே வாழ்ந்திருக்கிறார். ஒதுக்கி வைத்த இடத்துக்கு அழகாகப் பேர் வைக்கும் அரசாங்கத்தை நமக்குத் தெரியாதா? அந்தத் தோட்டத்தில் வெள்ளைச் சட்டை போட்ட கருப்பு இளைஞர்கள் பூச்செடி நடுகிறார்கள். பரிதாபப்பட வருகிறவனுக்கு அங்கே வேலை இல்லை. 2012இல் வரைந்த அழகு நிலையப் படத்தில் பெண்களெல்லாம் கருப்பு. தரையில் ஒரு பொன்முடி வெள்ளைத் தலை கோணலாக, பேய்போல மிதக்கிறது. ஒரு குழந்தை குனிந்து அதைப் பார்க்கிறது. அந்தப் படம் இன்று இருப்பது அவர் பிறந்த அதே பர்மிங்ஹாம் நகரத்து மியூசியத்தில்.

இனி, தம்பியிடம் வருகிறேன். உலகம் அவரைக் கொண்டாடுகிறது, உண்மை. 1997இல் ஜெர்மனியில் டாக்குமெண்டா, 2003இல் வெனிஸ், 2016-17இல் சிகாகோ, நியூயார்க், லாஸ் ஏஞ்சல்ஸ் என்று மூன்று நகரங்களில் பெருங்கண்காட்சி, 2025இல் லண்டன் ராயல் அகாடமி. அந்த 21 மில்லியன் கதையையும் முழுசாகக் கேள். பூங்காவில் கருப்புக் குடும்பங்கள் பொழுதுபோக்கும் அந்தப் படத்தை 1997இல் சிகாகோவின் ஒரு பொது நிறுவனம் 25,000 டாலருக்கு வாங்கியது. 2018 மே மாதம் ஏலத்தில் விற்றது. வாங்கியவர் ஒரு கருப்பின இசை வியாபாரி. விலை எண்ணூறு மடங்குக்கு மேல் ஏறியது. இதில் வரைந்தவனுக்குச் சட்டப்படி எவ்வளவு தெரியுமா? ஒரு சல்லிக்காசு கிடையாது. பிரான்ஸ் 1920லேயே மறுவிற்பனையில் ஓவியருக்குப் பங்கு கொடுத்தது. இந்தியப் பதிப்புரிமைச் சட்டத்திலும் 1994 திருத்தத்தில் ஏட்டளவில் அந்தப் பங்கு உண்டு. அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டத்தில் இல்லை. அறுத்தவன் கையில் கருக்கரிவாள், நெல்லு ஆண்டை வீட்டுக்கு. இதையா 'ஜெயிச்சிட்டான்' என்கிறாய்?

அந்த வருசமே இன்னொன்று நடந்தது. சிகாகோவின் மேற்குப் பகுதியில் கருப்பின ஏழைகள் வாழும் வட்டாரத்தில் லெக்ளர் நூலகம் இருக்கிறது. அதற்காக 1995இல் நகராட்சி கேட்டு, 10,000 டாலருக்கு மார்ஷல் ஒரு பெரிய படம் வரைந்து கொடுத்தார். ஆளைவிடப் பெரிய புத்தகங்களை அண்ணாந்து பார்த்து நிற்கும் கருப்புக் குழந்தைகள். 2018 மே ஏலத்தைப் பார்த்ததும் நகராட்சிக்கு நாக்கில் எச்சில் ஊறியது. சுவரிலிருந்து எடுத்து ஏலம் விடு என்றார் மேயர் ராம் இமானுவேல். மதிப்பு 10 முதல் 15 மில்லியன் டாலர். விற்ற பணத்தில் அதே நூலகத்தைப் பெரிதாக்குவோம் என்று சமாதானம். நூலகம் கட்டுவது அரசின் வேலை, அதற்குப் பிள்ளைகள் தங்கள் படத்தை ஏன் விற்க வேண்டும்? முந்தைய வருசம்தான் இதே நகரத்துக்கு ஒரு டாலர் கூலி வாங்கிக்கொண்டு ஒரு சுவரோவியம் வடிவமைத்துக் கொடுத்திருந்தார் மார்ஷல். தன் உழைப்பை நகரம் ஒட்டக் கறந்துவிட்டது என்று வெளிப்படையாகக் கண்டித்தார். எதிர்ப்பு கிளம்பியது. நவம்பரில் மேயர் பின்வாங்கினார்.

வெற்றி எது என்று கேட்டால் இதைத்தான் சொல்வேன். படம் ஏலத்துக்குப் போனது வெற்றி அல்ல. போகாமல் நின்றதே வெற்றி.

மூத்த தோழரே, இப்போது உங்களிடம். தண்ணீருக்காகப் போராடுவோம், அதில் பின்வாங்கவில்லை. ஆனால் சுவர் வேண்டாம் என்று யார் சொன்னது? அமெரிக்காவின் தலைநகரில் உள்ள தேசியப் பேராலயத்தில், அடிமை முறைக்காகப் போரிட்ட தளபதிகள் லீக்கும் ஜாக்சனுக்கும் 1953இலிருந்து கண்ணாடி ஓவியங்கள் இருந்தன. 2017இல் அவற்றைக் கழற்றினார்கள். 2023இல் அந்த இடத்தில் உரிமைக்காக நடக்கும் கருப்பு மக்களை மார்ஷல் வடிவமைத்துக் கொடுத்தார். கூலி 18 டாலர் 65 சென்ட். அடிமை முறை சட்டப்படி ஒழிந்த 1865ஐ நினைவில் வைத்து வாங்கிய கூலி. ஆதிக்கக்காரன் சிலைக்கும் படத்துக்கும் ஏன் அடித்துக்கொள்கிறான்? நம் அம்பேத்கர் சிலைக்கு ஏன் கம்பிக்கூண்டு போடுகிறார்கள்? சுவரும் முச்சந்தியும் அதிகாரம் என்று அவனுக்குத் தெரியும். நமக்குத்தான் மறந்துபோகிறது.

'கலைக்குச் சாதி ஏது, நிறம் ஏது, தகுதி இருந்தால் மேலே வரலாம், மார்ஷலே சாட்சி' என்று சொல்ல ஒரு கூட்டம் தயாராக இருக்கிறது. நிறமில்லாமல் வரைந்தா அவர் மேலே வந்தார்? அவர்கள் ஒதுக்கி வைத்த நிறத்தையே நடுவில் வைத்து, அவர்களுடைய பாணியையே கரைத்துக் குடித்து, அவர்கள் வீட்டுக் கூடத்திலேயே மாட்டினார். தகுதி எப்போதும் இருந்தது. கதவுதான் சாத்தியிருந்தது.

கடைசியாக ஒன்று, இது நம்மையும் குத்தும். லண்டன் கண்காட்சியில் புதிதாக எட்டுப் படங்கள் வைத்தார். அடிமை வியாபாரத்தில் ஆப்பிரிக்கர்களே ஆப்பிரிக்கர்களைப் பிடித்து விற்றதைச் சொல்லும் படங்களும் அதில் உண்டு. 'எதிரிக்கு ஆயுதம் கொடுக்காதே' என்ற பயம் அவருக்கு இல்லை. நமக்கு? நம்முள் இருக்கும் உட்சாதிப் பெருமையை வரைவோமா? மேடையில் விடுதலை பேசி வீட்டில் பெண்டாட்டியை அடக்குகிற தோழனை வரைவோமா? அதெல்லாம் போகட்டும். நம் பேனரில் அம்பேத்கர் முகத்தைப் பாருங்கள். நீலக் கோட்டு, மேலே ரோஸ் பவுடர் அப்பிய முகம். என் டிராயிங் வாத்தியார் இன்னும் நம் பேனருக்குள்தான் உட்கார்ந்திருக்கிறார்.

எங்கள் ஊர்ப் படிப்பகச் சுவர் வெள்ளையடித்துக் கிடக்கிறது. செல்போனை நீட்டிய தம்பிக்கு நன்றாக வரைய வரும். அடுத்த ஞாயிறு அதில் நம் பிள்ளைகள் படிப்பதுபோல் ஒரு படம் வரையப் போகிறோம். மூத்த தோழர் சாரம் கட்ட மூங்கில் தருகிறேன் என்றிருக்கிறார். தம்பி பெயிண்ட் வாங்கக் கிளம்பியபோது ஒன்றுதான் சொன்னேன்.

"ரோஸ் டப்பா வேண்டாம்டா."