மனைப் பொருளியலில் விடுபட்ட பாடம்

எங்கள் ஊரின் பிரதான வீதியில் காலை ஏழு மணிக்கு ஒரு பத்து நிமிடம் நின்று பாருங்கள். ஆசிரியைகள், தாதியர், அலுவலகம் செல்லும் ராத்தாமார், பிள்ளைகளைப் பாடசாலையில் இறக்கிவிட வரும் உம்மாமார் என்று ஸ்கூட்டரிலும் சிறிய காரிலும் எத்தனை பெண்கள் போகிறார்கள்! வாப்பாமார் பலர் கட்டாரிலோ சவூதியிலோ இருக்கிறார்கள். வாகனம் வீட்டில் நிற்கிறது, அதை ஓட்டுவது உம்மா. ஆனால் அந்த வாகனத்தின் மூடியைத் திறந்து பார்ப்பது மட்டும் இன்னும் ஆண்களின் வேலையாகவே இருக்கிறது. வாப்பா விடுமுறையில் வரும்வரை, அல்லது மாமா நேரம் கிடைத்து வரும்வரை, எஞ்சின் ஒயில் காத்திருக்க வேண்டும். ஓடுகிற எஞ்சின் அப்படிக் காத்திருக்காது.

சாதாரண தரத்தில் எம்மில் பலர் மனைப் பொருளியல் படித்தோம். துணியில் பட்ட கறையை எடுப்பது, வீட்டுச் செலவுக்குப் பாதீடு போடுவது, சமையலறையில் விபத்தைத் தவிர்ப்பது எல்லாம் படித்தோம். பயனுள்ள பாடம்தான், குறை சொல்லவில்லை. ஆயினும் வீட்டிலும் நிலத்திலும் போட்ட காசுக்கு அடுத்தபடியாகப் பல குடும்பங்கள் அதிகம் காசு போட்டிருக்கும் பொருள் வாசலில் நிற்கிறது. அதைப் பற்றி அந்தப் பாடத்தில் நாம் எதுவும் படிக்கவில்லை. வாகனப் பராமரிப்பு என்றால் இயந்திரம், இயந்திரம் என்றால் ஆண் பிள்ளைகளின் பாடம் என்று ஒரு கோடு கிழிக்கப்பட்டுவிட்டது. எனது கருத்தில் அது மனைப் பொருளியலுக்குரிய பாடம். வீட்டுக் காசையும் வீட்டார் உயிரையும் பாதுகாக்கும் வேலை வேறு எதில் சேரும்?

இன்னொரு வேடிக்கையும் உண்டு. உயர்தர பௌதிகவியலில் நாங்கள் பாகுநிலை படிக்கிறோம், கணக்கும் செய்கிறோம். அந்தப் பாகுநிலையை நம்பித்தான் ஸ்கூட்டர் ஓடுகிறது என்பதும், ஒயில் போத்தலில் 10டபிள்யூ-30 என்று எழுதியிருப்பது அதைப் பற்றித்தான் என்பதும் வகுப்பில் எத்தனை பேருக்குத் தெரியும்? முன்னால் உள்ள எண் குளிரில் ஒயில் எப்படி ஓடும் என்பதைக் குறிக்கிறது. பின்னால் உள்ளது எஞ்சின் சூடான பிறகு அதன் தடிப்பைக் குறிக்கிறது. எந்த எண் பொருந்தும் என்பது வாகனத்தோடு வந்த கைநூலில் இருக்கும். கடைக்காரர் கையில் எடுப்பதெல்லாம் பொருந்தாது.

ஒயில் செய்யும் வேலை உராய்வைக் குறைப்பது மட்டுமல்ல. எஞ்சினின் உள்ளே சூட்டைக் கடத்துகிறது, கரியையும் அழுக்கையும் தன்னோடு ஏந்திக்கொள்கிறது, துருப்பிடிக்காமல் காக்கிறது. இவற்றையெல்லாம் செய்வதற்காக அதில் கலந்திருக்கும் இரசாயனங்கள் நாளடைவில் தீர்ந்து போகின்றன. "எங்கட வண்டி தூரம் ஓடுறதில்லையே, பாடசாலைக்கும் சந்தைக்கும்தானே" என்று பலர் சொல்வார்கள். குறுந்தூர ஓட்டம் எஞ்சினுக்கு நல்லதல்ல என்பதுதான் உண்மை. எஞ்சின் முழுதாகச் சூடாகும் முன்பே நிறுத்திவிடுவதால் நீராவியும் எரியாத பெற்றோலும் ஒயிலில் தங்கிவிடுகின்றன. ஆகவேதான் கைநூல்கள் கிலோமீற்றரோடு மாதக் கணக்கையும் தருகின்றன. எது முதலில் வருகிறதோ அப்போது மாற்ற வேண்டும்.

பார்க்கக் கற்றுக்கொள்வதே முதல் பாடம் என்பேன். மாற்றுவது பிறகு. காரைச் சமதரையில் நிறுத்தி, எஞ்சினை நிறுத்திய பின் சில நிமிடங்கள் பொறுத்து, ஒயில் பார்க்கும் கம்பியை இழுத்துத் துடைத்து, மீண்டும் முழுதாக உள்ளே விட்டு எடுத்தால் இரண்டு குறிகளுக்கிடையே ஒயில் நிற்பது தெரியும். ஸ்கூட்டரில் அது மூடியோடு சேர்ந்த சிறிய கம்பி. பல ஸ்கூட்டர்களில் அதைத் திருகாமல் வெறுமனே உள்ளே வைத்து எடுத்துத்தான் அளவு பார்க்க வேண்டும். திருகிப் பார்த்தால் இல்லாத ஒயில் இருப்பது போலக் காட்டும். கீழ்க்குறிக்குக் கீழே போனால் ஆபத்து. மேற்குறியைத் தாண்டி ஊற்றுவதும் ஆபத்துத்தான். சுழலும் பாகங்கள் ஒயிலை அடித்து நுரையாக்கிவிடும், நுரையால் உராய்வைத் தடுக்க முடியாது. ஓடிக்கொண்டிருக்கும்போது காரின் சிவப்பு ஒயில் விளக்கு எரிந்தால், "வீட்டுக்குப் போய்ப் பார்ப்போம்" என்பது கூடாது. அழுத்தம் விழுந்துவிட்டது என்று அர்த்தம். அந்த இடத்திலேயே ஓரமாக்கி எஞ்சினை நிறுத்த வேண்டும்.

இந்த ஐந்து நிமிட வேலைக்கு என்ன பெறுமதி என்பதை எங்கள் வீட்டிலேயே கண்டேன். சென்ற வருடம் உம்மாவின் ஸ்கூட்டரை ஒரு கராஜில் கொடுத்தோம். அங்கிருந்தவர் ஓட்டுகிற உம்மாவை விட்டுவிட்டுப் பன்னிரண்டு வயதுத் தம்பியிடம், "தம்பி, கடைசியா எப்ப ஒயில் மாத்தின?" என்று கேட்டார். தம்பி என்னைப் பார்த்தான். திகதியும் கிலோமீற்றரும் உம்மாவின் கைப்பையில் உள்ள நாட்குறிப்பில் இருந்தன. "டீச்சர், நீங்க போய் நிழல்ல இரிங்க" என்றார் அவர். பிற்பகல் காசு கொடுத்து வண்டியை எடுத்து வந்து, வீட்டு முற்றத்தில் உம்மா கம்பியை எடுத்துத் துடைத்துப் பார்த்தால் அதே கறுத்த ஒயில், அதே கீழ்க்குறி. உம்மா ஒன்றும் சத்தம் போடவில்லை. திரும்பப் போய்க் கம்பியை எடுத்துக் காட்டினார். மறுபேச்சில்லாமல் மாற்றிக் கொடுத்தார்கள். அதை ஏமாற்று என்று நான் சொல்லமாட்டேன், வேலை நெருக்கடியில் மறந்தும் இருக்கலாம். பார்க்கத் தெரியாதவருக்கு இரண்டும் ஒன்றுதான்.

வீட்டில் ஒயில் மாற்றினால் பெருந்தொகை மிஞ்சும் என்று சிலர் சொல்வதை நான் அப்படியே ஏற்கவில்லை. ஒயிலும் பில்டரும் நாமேதான் வாங்க வேண்டும். மிஞ்சுவது கூலி மட்டும். ஸ்பெனர், ஜக், இரும்புத் தாங்கி என்று வாங்கப் போனால் முதல் வருடம் அந்தக் கூலியும் மிஞ்சாது. உண்மையான இலாபம் எஞ்சின் நீண்ட நாள் இருப்பதில்தான் வருகிறது. 2020 இல் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, தனியார் கார்களுக்கு 2025 வரை திறக்கப்படவில்லை. அந்த ஐந்து வருடங்களில் பழைய வண்டியைக் காப்பாற்றத் தெரிந்த வீடுகளுக்குத்தான் அதன் அருமை தெரிந்தது.

சரி, மாற்றவே விரும்புகிறவர்களுக்கு? ஸ்கூட்டரில் ஆரம்பிக்கலாம். ஒரு லீற்றருக்கும் குறைவான ஒயில், அடியில் படுக்க வேண்டியதில்லை, சரியான அளவு ஸ்பெனர் ஒன்று போதும். எஞ்சின் இளஞ்சூட்டில் இருந்தால் ஒயில் அழுக்கோடு சேர்ந்து நன்றாக வடியும். கொதிக்கும் சூடு வேண்டாம். அடியில் உள்ள நட்டைத் திரும்பப் பூட்டும்போது பலத்தைக் காட்டக் கூடாது. அலுமினியப் புரி இலகுவில் அழிந்துவிடும், பிறகு வரும் செலவு பத்து ஒயில் மாற்றத்துக்குச் சமன். புதிய வொஷர் போடுவது நல்லது. காரில் பில்டரும் மாற்ற வேண்டும். பழைய பில்டரின் ரப்பர் வளையம் எஞ்சினில் ஒட்டிக்கொண்டு நிற்கிறதா என்று விரலால் தடவிப் பார்த்து, புதிய வளையத்தில் சிறிது ஒயில் பூசிக் கையாலேயே இறுக்க வேண்டும். இதில் ஒன்றில் மட்டும் சமரசமே இல்லை: ஜக்கை மட்டும் நம்பி எவரும் காருக்கு அடியில் போகக் கூடாது. தாங்கி இல்லையென்றால் அந்த வேலையைக் கராஜுக்கே விட்டுவிடுங்கள். கையுறையும் அவசியம், பழைய ஒயில் தோலுக்குக் கேடானது.

வடித்த ஒயிலை என்ன செய்வது என்பதுதான் எனக்குப் பெரிய கேள்வி. இதைப் பற்றி எவரும் பேசுவதில்லை. வேலியோரத்தில் ஊற்றுகிறார்கள், கறையான் வராது என்று மரத்தில் பூசுகிறார்கள், வடிகானில் விடுகிறார்கள். எங்கள் ஊர் மணல் ஊர். சில அடி ஆழத்தில் தண்ணீர் ஊறுகிறது, வீட்டுக்கு வீடு கிணறு இருக்கிறது. மணலில் ஊற்றியது எங்கே போகும்? யாழ்ப்பாணத்தில் சுன்னாகம் மின் நிலையத்தைச் சூழவுள்ள கிணறுகளில் எண்ணெய் கலந்து, மக்கள் குடிநீருக்கு அலைந்த கதை நாமறிந்தது. 2019 இல் உயர் நீதிமன்றம் அதற்காக இரண்டு கோடி ரூபா நட்டஈடு செலுத்தப் பணித்தது. காசு கிடைத்தாலும் ஒரு கிணற்று நீர் உடனே பழைய நீராகிவிடுமா? அது பெரிய மின் நிலையம், இது எங்கள் மூன்று லீற்றர் என்று ஆறுதல்பட வேண்டாம். ஒருமுறை மாற்றும் ஒயிலே பத்து இலட்சம் கலன் நன்னீரைக் கெடுக்கப் போதுமானது என்று அமெரிக்காவின் சுற்றாடல் பாதுகாப்பு முகவரம் சொல்கிறது. நாம் சோறு ஆக்குவதும் வுழூ செய்வதும் அதே கிணற்றுத் தண்ணீரில்தான்.

ஆகவே பழைய ஒயிலைப் புதிய ஒயில் வந்த போத்தலிலேயே புனலால் ஊற்றி, மூடி இறுக்கி, பழைய ஒயிலைப் பீப்பாயில் சேர்க்கும் கராஜ் ஒன்றில் ஒப்படைக்க வேண்டும். எடுப்பார்களா என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். அப்படி ஓர் இடம் கிடைக்காவிட்டால் வீட்டில் மாற்றவே வேண்டாம் என்பது என் முடிவு. பார்ப்பதை வீட்டில் செய்வோம், மாற்றுவதைக் கராஜில் பக்கத்தில் நின்று செய்விப்போம்.

"பொம்பிளைப் பிள்ளை கையெல்லாம் ஒயிலாக்கிக்கொண்டு..." என்று என் உம்மும்மா முகம் சுளித்தார். மீன் அரிந்த கையும் மருதாணி இட்ட கையும் நாற்றமும் நிறமும் பிடிக்காத கைகளா என்று கேட்டேன். சிரித்துவிட்டு, சவர்க்காரத்தோடு கொஞ்சம் சீனி போட்டுத் தேய்த்தால் ஒயில் போகும் என்று அவரே வழி சொன்னார். உண்மையாகவே போகிறது.

கராஜ்காரரின் பிழைப்பில் மண் விழுமே என்று ஒரு தோழி கேட்டாள். விழாது. பிரேக், கிளச், மின்சுற்று என்று அவர் செய்ய வேண்டியவை எத்தனையோ இருக்கின்றன. ஒயில் இல்லாமல் எரிந்த எஞ்சினைக் கொண்டுபோய் அவர் முன்னால் போடுவதைவிட, என்ன பழுது என்று சொல்லத் தெரிந்த ஒருவர் வருவதையே நல்ல தொழிலாளி விரும்புவார்.

எமது பாடசாலையில் இதைத் தொடங்க ஆய்வுகூடமோ நிதியோ தேவையில்லை. மனைப் பொருளியல் பாடவேளையில் ஒன்று, ஒரு பழைய துணி, டயர் காற்று பார்க்கும் மானி ஒன்று இருந்தால் போதும். பாடத்துக்கான ஸ்கூட்டர்கள் தினமும் காலை ஏழரைக்கு முன்னர் வேப்பமரத்தின் கீழ் வரிசையாக வந்து நிற்கின்றன. அனுமதி தருவீர்களா, டீச்சர்மாரே?